வேகமா வந்த விடை சரியான விடையா?

நம்ம லேப்ல ரெண்டு பேர் ஒரே புரோகிராமை எழுதினா, முதல் கேள்வி "உனக்கு எத்தனை செகண்ட்ல ஓடுச்சு?" என்பதுதான். "உன் விடைல எத்தனை இலக்கத்தை நம்பலாம்?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆர், பைத்தான் வைத்துப் புள்ளியியல் புரோகிராம் எழுதும் இடத்திலாவது இந்த இரண்டாவது கேள்விதான் முதலில் வரணும் என்பது என் கட்சி. இதைச் சொன்னா "டேய், பிளேஸ்மென்ட்ல டைம் லிமிட்தான்டா பார்ப்பான்" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், எதற்கு மேட்ரிக்ஸ் பெருக்கலைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன்? பிளஸ் ஒன்ல "அணிகள்"னு படிச்சோமே, அதே சங்கதிதான். ஒரு நிரையை எடு, ஒரு நிரலை எடு, பெருக்கு, கூட்டு. ரெக்ரஷன் போட்டாலும், பிசிஏ போட்டாலும், நியூரல் நெட்வொர்க் பயிற்சி கொடுத்தாலும் உள்ளே ஓடுவதில் பெரும்பகுதி இதுதான். சூப்பர் கம்ப்யூட்டரை அளப்பதும் இதை வைத்துத்தான்.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கு. தொட்டியத்துல பஸ் ஏறி, முசிறி, குணசீலம் தாண்டி திருச்சி போய், அங்கேர்ந்து தஞ்சாவூர் ரோட்டுல துவாக்குடி போனா என்.ஐ.டி. அங்கே 2022 மே மாதம் 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டரைத் தொடங்கி வைத்தார்கள். தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷன் திட்டத்தில் சி-டாக் அமைத்துக் கொடுத்தது. திறன் 838 டெராஃப்ளாப்ஸ். நம்ம கணக்கில் சொன்னால் ஒரு நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். (லட்சம் கோடி என்ற அளவை பட்ஜெட் செய்தியைத் தவிர வேறெங்கும் பயன்படுத்த வாய்ப்புக் கிடைப்பதில்லை, அதனால் சொல்லிக்கொள்கிறேன்.)

இந்த மாதிரி இயந்திரங்களை உலக அளவில் வரிசைப்படுத்த லின்பேக் என்று ஒரு பந்தயம் வைக்கிறார்கள். மிகப் பெரிய சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்க்க வேண்டும். நேரத்தில் பெரும்பகுதி மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கே போகும். இந்தப் பந்தயத்தில் நான் ரசிக்கிற விஷயம் வேகம் இல்லை. கணக்கு முடிந்ததும் அந்தப் புரோகிராம் தன் விடையைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கும். எவ்வளவு மிச்சம் வருகிறது என்று அளந்து, அளவுமாற்றம் செய்த அந்த எண் 16.0-க்குக் கீழே இருந்தால்தான் 'பாஸ்டு' என்று எழுதும். இல்லையென்றால் 'ஃபெயில்டு'. எத்தனை டெராஃப்ளாப்ஸ் வந்தாலும் ஃபெயில்டு என்றால் ஃபெயில்டுதான். போதாததற்கு, 64 பிட் துல்லியத்தில்தான் கணக்குப் போடணும், ஸ்ட்ராசன் மாதிரி குறுக்கு வழி கூடாது என்றும் டாப்-500 விதி சொல்கிறது. உலகத்திலேயே வேகத்துக்காக மட்டும் நடக்கிற பந்தயத்தில்கூட விடையைச் சரிபார்க்கிறார்கள். நம்ம ரெக்கார்டு நோட்ல 'எக்ஸிக்யூஷன் டைம்' என்று ஒரு வரி இருக்கு. மிச்சம் எவ்வளவு என்று ஒரு வரி இருக்கா?

வேகத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. அதிலும் நாம பாதிதான் புரிஞ்சு வச்சிருக்கோம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்றேன்.

1000-க்கு 1000 மேட்ரிக்ஸ் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்க 100 கோடி பெருக்கல், ஏறக்குறைய அதே அளவு கூட்டல். ஆனால் ஒரு மேட்ரிக்ஸ் பிடிக்கிற இடம் வெறும் 80 லட்சம் பைட். அதாவது சரக்கு கொஞ்சம், வேலை மலை. ஒவ்வொரு எண்ணும் ஆயிரம் தடவை வேலைக்கு வரும். அதனால் மெமரியிலிருந்து எடுத்து வருவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. நம்ம ஊர்ல வாழைத்தார் லோடு ஏத்துறதைப் பார்த்திருப்பீங்க. தோப்புக்குள்ள வெட்டின தாரை ஒவ்வொண்ணா தோள்ல தூக்கிட்டு ரோட்டுல நிக்கிற லாரி வரைக்கும் நடந்தா பொழுது சாஞ்சிடும். பத்து இருபது தாரை லாரிக்குப் பக்கத்துல கொண்டுவந்து அடுக்கிட்டு, அங்கேர்ந்து கை மாத்தி ஏத்துவாங்க. கேஷ் மெமரி என்பது லாரிக்குப் பக்கத்துல இருக்கிற அந்த இடம்தான். மேட்ரிக்ஸைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, ஒரு கட்டத்தைக் கேஷில் வைத்து, அதில் முடிக்க வேண்டிய வேலையை எல்லாம் முடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவதுதான் வேகமான பெருக்கலின் ரகசியம்.

இந்த வேலையைக் கையால் செதுக்கியவர் கசுஷிகே கோட்டோ என்ற ஜப்பானியர். ஒவ்வொரு பிராசஸருக்கும் தனித்தனியாக, அசெம்பிளியில் எழுதினார். அவர் எழுதிய கோட்டோபிளாஸ்தான் பின்னால் ஓப்பன்பிளாஸ் ஆக வளர்ந்தது. நீங்க பைத்தான்ல நம்பை இன்ஸ்டால் பண்ணினா பெரும்பாலும் உள்ளே உட்கார்ந்திருப்பது அதுதான். "மூணு ஃபார் லூப் போட்டேன், நிமிஷக் கணக்கா ஓடுது, நம்பைல கண் சிமிட்டுறதுக்குள்ள முடியுது, பைத்தான் செம ஃபாஸ்ட்" என்று ஒருத்தர் சொன்னால், அது பைத்தான் இல்லை, கோட்டோ வழிவந்தவர்களின் கைவேலை என்று சொல்லுங்கள்.

ஆர் கதை வேற. விண்டோஸில் சாதாரணமாக இறக்கி நிறுவும் ஆர், எளிமையான அடிப்படைப் பிளாஸோடு வருகிறது. வெட்டிக் கட்டம் பிரிக்கிற வித்தை எல்லாம் அதில் இல்லை. அதனால் ஒரே லேப்டாப்பில் நம்பையும் ஆரும் ஓட்டிப் பார்த்து "ஆர் ஸ்லோ" என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள், உண்மையில் இரண்டு மொழிகளை ஒப்பிடவில்லை. இரண்டு நூலகங்களை ஒப்பிடுகிறார்கள். உபுண்டுவில் ஓப்பன்பிளாஸை நிறுவினால் ஆர் அதை எடுத்துக்கொள்ளும், ஒரு வரி கோடுகூட மாற்ற வேண்டாம். எந்தப் பிளாஸ் ஓடுகிறது என்பதை செஷன்இன்ஃபோ கட்டளை காட்டிக்கொடுக்கும். ஒப்பீட்டு அட்டவணை போடுகிற மினி பிராஜெக்ட்கள் அந்த ஒரு வரியைக்கூடச் சேர்க்காமல் வருவதுதான் எனக்கு எரிச்சல்.

இதைவிடப் பெரிய வேகம் ஓசியில் கிடைக்கிறது, அதையும் யாரும் எடுப்பதில்லை. இரண்டு மேட்ரிக்ஸ், ஒரு வெக்டர், மூன்றையும் பெருக்கணும். ஆரும் நம்பையும் இடமிருந்து வலமாகப் போகும். முதலில் இரண்டு மேட்ரிக்ஸையும் பெருக்கும்: 100 கோடி பெருக்கல். அப்புறம் வெக்டர்: 10 லட்சம். அதற்குப் பதில் கடைசி இரண்டுக்கு ஒரு அடைப்புக்குறி போட்டுவிட்டால் முதலில் மேட்ரிக்ஸ் வெக்டர் பெருக்கல், மறுபடி மேட்ரிக்ஸ் வெக்டர் பெருக்கல், மொத்தம் 20 லட்சம். ஏறக்குறைய 500 மடங்கு வேலை மிச்சம், ஒரு ஜோடி அடைப்புக்குறிக்கு. 2022-ல் டீப்மைண்டின் ஆல்ஃபாடென்சர் வந்தபோது, 4-க்கு 4 மேட்ரிக்ஸை 47 பெருக்கலில் முடித்துவிட்டது என்று எல்லா குரூப்பிலும் ஃபார்வர்டு ஓடியது. ஸ்ட்ராசனின் 1969 முறையை இரண்டு தடவை போட்டால் 49 வரும், இது 47. ஆனா அந்த 47, எண்கள் 0, 1 மட்டும் இருக்கிற மாட் 2 கணக்குக்கானது. அருமையான கணிதம், மறுக்கவில்லை. நம்ம ரெக்ரஷன் அசைன்மென்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. அடைப்புக்குறிக்கு இருக்கு.

சரி, துல்லியத்துக்கு வருவோம்.

கம்ப்யூட்டரில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும் என்பது இப்போது மீம் ஆகிவிட்டது. ஆர் ஏழு இலக்கம்தான் காட்டும் என்பதால் அதில் அழகாக 0.3 என்றே தெரியும், அதனால் பாதிப் பேர் ஆரில் இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறார்கள். இரண்டிலும் இருப்பது அதே 64 பிட் எண்தான். கையில் 53 பிட், அதாவது 15, 16 இலக்கம். 1-க்குப் பின்னால் 16 பூஜ்யம் போட்ட எண்ணோடு 1-ஐக் கூட்டினால் விடை அதே எண். அந்த 1 காணாமல் போய்விடும். இதிலிருந்து வருகிற சங்கடம் ஒன்று: கூட்டும் வரிசை மாறினால் விடை மாறும். கட்டம் பிரித்துக் கூட்டுகிற ஓப்பன்பிளாஸும், நேராக வரிசையில் கூட்டுகிற அடிப்படைப் பிளாஸும் கடைசி இலக்கங்களில் வேறுபடும். அதனால் உங்க விடையும் பக்கத்து சீட் விடையும் 14-வது இலக்கத்தில் வேறாக இருந்தால் யாரும் காப்பி அடிக்கவில்லை, யாரும் தப்புப் பண்ணவில்லை. இரண்டு விடையும் சமமா என்று இரட்டைச் சமக்குறி போட்டுப் பார்ப்பதுதான் தப்பு. ஆரில் ஆல்-ஈக்குவல், நம்பையில் ஆல்குளோஸ் என்று அதற்கென்றே வைத்திருக்கிறார்கள்.

கடைசி இலக்கம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியாதது வேறு.

முதலில் காணாமல் போன தரவு. களத்தில் அளக்காமல் விட்ட ஒரு மதிப்பு என்.ஏ என்று மேட்ரிக்ஸில் உட்கார்ந்திருக்கும். அது கலந்த எந்தக் கூட்டுத்தொகையும் "தெரியாது" என்றுதான் வரணும். ஆனால் பழைய அடிப்படைப் பிளாஸ் வேகத்துக்காக ஒரு வேலை செய்யும்: பெருக்கவேண்டிய எண் 0 என்று பார்த்தால் அந்தப் பெருக்கலையே தாண்டிப் போய்விடும். 0 தடவை எதுவானாலும் 0 தானே? இல்லை. 0 தடவை "தெரியாது" என்பது கம்ப்யூட்டர் எண்கணித விதிப்படி "தெரியாது"தான். தாண்டிப் போனால் அளக்காத இடம் அளந்த இடம் மாதிரி நல்ல பிள்ளையாக ஒரு எண்ணைக் கொடுக்கும். இதற்கு ஆர் குழு எடுத்த முடிவுதான் எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த முடிவு. பெருக்குவதற்கு முன்னால் மேட்ரிக்ஸ் முழுக்க ஒரு தடவை தேடிப் பார்க்கும். தெரியாத மதிப்பு ஏதாவது இருந்தால் வேகமான பிளாஸை ஒதுக்கிவிட்டு, தன்னுடைய சாதாரண மூன்று லூப்புக்குப் போகும். மெதுவாக, ஆனால் சரியாக. 2017-ல் வந்த 3.4.0 பதிப்பிலிருந்து மேட்பிராட் என்று ஒரு அமைப்பும் கொடுத்தார்கள்: வேகம்தான் வேண்டும், சோதிக்காதே என்றால் அப்படியும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் யாரும் எதையும் தொடாவிட்டால் நடப்பது சரியான வழி. ஒரே ஒரு என்.ஏ-வால் புரோகிராம் திடீரென்று தவழ ஆரம்பித்தால் திட்டாதீர்கள். அது உங்களுக்காகத்தான் தவழ்கிறது.

நேர்மாறான உதாரணமும் உண்டு. என்விடியா 2020-ல் ஆம்பியர் வரிசை ஜிபியுக்களில் டிஎஃப்-32 என்று ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. பேரில் 32 இருந்தாலும் இலக்கத்துக்கு இருப்பது 10 பிட், சுமார் மூன்று இலக்கத் துல்லியம். பைடார்ச் 1.7-லிருந்து 1.11 வரை மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு அதைத் தானாகவே இயக்கி வைத்திருந்தது. 1.12-ல் அணைத்துவிட்டார்கள். படத்தில் பூனையா நாயா என்று கண்டுபிடிக்க மூன்று இலக்கம் தாராளம். அதே கருவியை எடுத்துப் புள்ளியியல் கணக்குப் போட்டவர்களுக்கு அது போதாது. 16 பிட் இன்னும் மோசம்: அதில் 2048-ஓடு 1 கூட்டினால் 2048, உச்ச எண்ணே 65504. ஜிபியு கிடைக்கிறதே என்று சர்வே தரவை எல்லாம் தூக்கிப் போடுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் டெஸ்க்டாப் வால்பேப்பராக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது என் முக்கியமான புகார். அது மென்பொருள் மேல் இல்லை, நாம் படிக்கிற ஃபார்முலா மேல். லீஸ்ட் ஸ்கொயர்ஸுக்கு எல்லாருக்கும் மனப்பாடம்: எக்ஸ் டிரான்ஸ்போஸ் எக்ஸ், அதன் இன்வர்ஸ், அதை எக்ஸ் டிரான்ஸ்போஸ் ஒய்யால் பெருக்கு. பேப்பரில் இது நூற்றுக்கு நூறு சரி. அப்படியே கோடாக அடிப்பதுதான் ஆபத்து.

ஒரு சின்னக் கணக்கு. எக்ஸில் இரண்டு நிரல்கள்: முதல் நிரல் 1, 0.00000001, 0. இரண்டாவது நிரல் 1, 0, 0.00000001. ரெண்டும் வேற வேற நிரல் என்பது கண்ணுக்கே தெரியுது. எக்ஸ் டிரான்ஸ்போஸ் எக்ஸ் போட்டால் மூலைவிட்டத்தில் 1-ஓடு அந்தச் சின்ன எண்ணின் வர்க்கம் வரணும். வர்க்கம் புள்ளிக்குப் பின் 16-வது இடத்தில் ஒரு 1. 64 பிட்டில் அதை 1-ஓடு கூட்டினால் 1 தான். ஆக நாலு கட்டத்திலும் 1, 1, 1, 1. இன்வர்ஸே கிடையாது. தரவில் இருந்த தகவல் முழுசும் முதல் பெருக்கலிலேயே செத்துப்போச்சு. அந்தப் பெருக்கல் எவ்வளவு வேகமாக நடந்தால் என்ன?

"இது வேணும்னே தயார் பண்ணின உதாரணம்" என்பீர்கள். சரி, நம்ம ஊர் பிராஜெக்ட் மாதிரி ஒன்று. 2001-லிருந்து 2020 வரை 20 வருஷ வாழை மகசூல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றஇறக்கத்தைப் பிடிக்க வருஷம், வருஷத்தின் வர்க்கம், கனம் மூன்றையும் போட்டு ஒரு வளைவு பொருத்தணும். ரொம்பச் சாதாரணமான அசைன்மென்ட். வருஷத்தை அப்படியே 2001, 2002 என்று போட்டால் என்ன ஆகும்? 2001-லிருந்து 2020-க்குள் ஒரு எண்ணும் அதன் வர்க்கமும் கனமும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில்தான் நகரும். கனத்தின் நிரலில் மற்ற நிரல்களால் சொல்ல முடியாத புதுத் தகவல் ஐந்து கோடியில் ஒரு பங்கு அளவுதான். எக்ஸ் டிரான்ஸ்போஸ் எக்ஸ் போடும்போது அந்தப் பங்கும் வர்க்கமாகும். கையில் இருக்கிற 16 இலக்கமும் அதற்கே காலி.

இப்போது ஒரே தரவை மூன்று வழியில் ஓட்டுங்கள். ஆரில் ஃபார்முலாப்படி இன்வர்ஸ் எடுத்தால், 'கணக்குப்படி இது சிங்குலர்' என்று பிழை சொல்லி நின்றுவிடும். ஆரின் எல்எம் கட்டளையில் போட்டால், கனத்தின் கெழுவுக்கு எதிரே என்.ஏ என்று எழுதிக் கையை விரிக்கும். நம்பையில் ஃபார்முலாப்படி இன்வர்ஸ் எடுத்தால்? அது சரியாகப் பூஜ்யத்தில் மோதினால் மட்டுமே பிழை சொல்லும். இங்கே உருட்டல் பிழை காரணமாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று இருக்கும், அதனால் மறுபேச்சுப் பேசாமல் நாலு கெழுக்களை அச்சடித்துக் கொடுக்கும். பன்னிரண்டு இலக்கத்தோடு. அதில் ஒன்றுகூட நம்பத் தக்கதல்ல. மூன்றில் வைவாவில் எது முழு மார்க் வாங்கும் என்று நினைக்கிறீர்கள்? பிழை காட்டியவன் "அவுட்புட் வரல" என்று மார்க் இழப்பான். என்.ஏ வாங்கியவனிடம் "மிஸ்ஸிங் வேல்யூ ஏன் வந்துச்சு?" என்பார்கள். குப்பையை அச்சடித்தவனுக்கு 'அவுட்புட் வெரிஃபைடு' என்று கையெழுத்து.

தீர்வு கஷ்டமே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். வருஷத்திலிருந்து 2010-ஐக் கழித்துவிடுங்கள். மைனஸ் 9-லிருந்து 10 வரை எண்கள். அவ்வளவுதான், எல்லா வழியும் ஒரே விடையைத் தரும். அதோடு இன்வர்ஸ் எடுப்பதை விட்டுவிட்டு க்யூஆர் முறையில் தீர்க்கிற கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஆரில் எல்எம் அதைத்தான் செய்கிறது. எக்ஸ் டிரான்ஸ்போஸ் எக்ஸ் பக்கமே அது போவதில்லை. நம்பையில் எல்எஸ்டிஎஸ்க்யூ இருக்கிறது, அது எஸ்விடி முறை. இரண்டும் ஃபார்முலாவைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். 20 வரித் தரவுக்கு அந்தக் கூடுதல் நேரத்தை அளக்கக்கூட முடியாது.

இது புதுசாகக் கண்டுபிடித்த பிரச்சினையும் இல்லை. 1967-ல் லாங்லி என்பவர் அமெரிக்க வேலைவாய்ப்புத் தரவு, 1947 முதல் 1962 வரை வெறும் 16 வரி, அதை எடுத்து, கணக்கை மேசைக் கால்குலேட்டரில் கவனமாகப் போட்டுவிட்டு, அன்றைய கம்ப்யூட்டர் புரோகிராம்களின் விடைகளோடு ஒப்பிட்டார். பல புரோகிராம்கள் கவலைக்கிடமான வித்தியாசங்களைக் காட்டின. அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் புள்ளியியல் மென்பொருள் எழுதுகிறவர்கள் க்யூஆர் பக்கம் தீவிரமாகத் திரும்பினார்கள். அந்த 16 வரி இன்றைக்கும் ஆருக்குள்ளேயே 'லாங்லி' என்ற பெயரில் இருக்கிறது. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் அதற்கும் இன்னும் பல தரவுகளுக்கும் பதினைந்து இலக்கம் வரை சான்றளித்த விடைகளை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. விடைத்தாள் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. நாம்தான் ஒத்துப்பார்ப்பதில்லை.

இப்போது பிளேஸ்மென்ட் பதில். கோடிங் ரவுண்டில் டைம் லிமிட் உண்டு, உண்மை. ஆனால் அங்கே மறைத்து வைத்த டெஸ்ட் கேஸும் உண்டு. விடை தப்பானால் எவ்வளவு வேகம் இருந்தாலும் பூஜ்யம்தான். ஆக அங்கேயும் சரிபார்க்கிறார்கள், நமக்குப் பதிலாக வேறு ஒருவர். புள்ளியியல் வேலையில் அந்த வேறு ஒருவர் இல்லை. விடை முன்கூட்டித் தெரிந்திருந்தால் கணக்கே போட்டிருக்க மாட்டோம். ஒரு ஏக்கருக்கு எவ்வளவு பொட்டாஷ் வைக்கலாம் என்று ஒரு விவசாயிக்கு நம்ம மாடல் சொன்னால், அதைச் சரிபார்க்கிற டெஸ்ட் கேஸ் அவருடைய ஒரு வருஷ வெள்ளாமைதான். காவிரிக் கரையோரம் வாழைக்கு நடுவில் காலேஜை வைத்துக்கொண்டு, ஃபைனல் இயரில் பாதிப் பேர் விவசாயத் தரவில் பிராஜெக்ட் பண்ணுகிற நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை.

அதனால் துறைக்கும் நம்ம கிளப்புக்கும் நான் கேட்பது சில மாற்றங்கள்தான். ரெக்கார்டில் நேரத்துக்குப் பக்கத்தில் மிச்சம் எவ்வளவு என்று ஒரு வரி. மிச்சம் சின்னதாக இருந்தாலே விடை சரி என்று ஆகிவிடாது, நிரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் தப்பான விடைக்கும் மிச்சம் சின்னதாக வரும். அதனால் கண்டிஷன் நம்பரையும் சேர்த்து எழுதணும். ஆரில் கப்பா, நம்பையில் கான்ட், ஒரே வரி. அந்த எண்ணில் எத்தனை இலக்கமோ, சுமாராக அத்தனை இலக்கத்தை 16-லிருந்து கழித்துவிட்டு மீதியை நம்பலாம். கண்டிஷன் நம்பர் ஒரு கோடியாக இருக்கும்போது பன்னிரண்டு இலக்கம் அச்சடித்தால் மார்க் குறைக்கட்டும், நான் சண்டைக்கு வர மாட்டேன்.

பெருக்கல் கோடை சொந்தமாக எழுதுகிற எக்ஸர்சைஸுக்கு இன்னொரு சோதனை. ஃப்ரெய்வால்ட்ஸ் என்பவர் 1977-ல் சொன்னது. உங்க புரோகிராம் ரெண்டு மேட்ரிக்ஸைப் பெருக்கி மூணாவதைக் கொடுத்தது. அது சரியா என்று பார்க்க மறுபடி பெருக்க வேண்டாம். ஏதோ ஒரு ரேண்டம் வெக்டரை எடுத்து, முதலில் இரண்டாவது மேட்ரிக்ஸால், அப்புறம் முதல் மேட்ரிக்ஸால் பெருக்குங்கள். அதே வெக்டரை விடை மேட்ரிக்ஸாலும் பெருக்குங்கள். இரண்டும் உருட்டல் பிழை அளவுக்குள் ஒத்துவரணும். 100 கோடிப் பெருக்கலை 30 லட்சம் பெருக்கலில் சோதித்துவிடலாம். மேலே சொன்ன அதே அடைப்புக்குறி வித்தைதான், இந்தத் தடவை வேகத்துக்காக இல்லாமல் போலீஸ் வேலைக்கு. பத்து வரி கோடு. ஃபர்ஸ்ட் இயர் பசங்களே எழுதிடுவாங்க.

பரம் பொருளில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று மூன்றாம் வருஷத்தில் ரெண்டு டீம் சொல்லிட்டிருக்காங்க. நல்லது. அங்கே போகிறதுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நம்ம லேப்லயே லாங்லி தரவைத் திறந்து, மூணு வழியிலும் ஓட்டிப் பார்த்துட்டுப் போங்க. ஆர் அலகில் இன்டர்செப்ட் மைனஸ் 3482.26 வரணும். மைனஸை விட்டுடாதீங்க.